வாணியாறு அணை: அடியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

வாணியாறு அணை தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அரூர்–சேலம் சாலையில் ஏ.பள்ளிப்பட்டி வந்து, அங்கிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போனால் அணைக்கு வழி கேட்டுக்கொள்ளலாம். ரயிலில் வருபவர்களுக்குப் பொம்மிடி ஸ்டேஷன். அணை இருப்பது முள்ளிக்காட்டில், சேர்வராயன் மலையடிவாரத்தில். ஏற்காட்டில் கொட்டும் மழைதான் இங்கே வரத்து. கீழே பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சொட்டு விழாத நாளிலும் நீர்மட்டம் ஏறும்.

அணையின் முழு உயரம் 65.27 அடி, கொள்ளளவு 418 மில்லியன் கன அடி. 32 அடி இருக்கிறது என்றதும் பாதி அணை நிரம்பிவிட்டதாகப் பலர் கணக்குப் போடுகிறார்கள். மலை இடுக்கில் கட்டிய அணைக்கு அடிப்பகுதி குறுகல், மேலே போகப் போக அகலம். பாதி உயரத்தில் நிற்பது பாதித் தண்ணீருக்கு வெகு குறைவு. மேல் பாதியில்தான் சரக்கு இருக்கிறது. அதிலும் மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் கால்வாய்க்கு ஏறாது. வண்டல் சேரச் சேரக் கொள்ளளவும் குறையும்.

பழைய, புதிய ஆயக்கட்டு (அணைத் தண்ணீர் பாயும் நிலம்) சேர்த்து 10,517 ஏக்கர். 418 மில்லியன் கன அடியை அத்தனை ஏக்கரிலும் பரப்பினால் பதினொரு அங்குலம்கூட நிற்காது. ஒரு போகம் நெல்லுக்கோ நான்கு அடி வேண்டும். ஆக, அணைத் தண்ணீரை மட்டும் நம்பி நெல் நட முடியாது. விநாடிக்கு 60 கன அடி திறந்தாலே ஒரு நாளைக்கு 5 மில்லியன் கன அடிக்கு மேல் போய்விடும். முறை வைத்து, சில நாள் திறந்து சில நாள் அடைப்பது அதனால்தான்.

எங்கள் கணக்கில் இந்த அணையின் பெரிய உபயோகம் ஏரிகளை நிரப்புவது. வெங்கடசமுத்திரம், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை ஏரிகளில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறும். கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் வெற்றிலைக் கொடிக்காலும் கோடையைத் தாண்டுவது அந்தக் கிணற்று ஊற்றில்தான்.

கோளாறு பெரும்பாலும் அணையில் இல்லை, வாய்க்காலில். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால்தான் (வழிந்தால்தான்) கீழ் ஏரிக்குத் தண்ணீர். நடுவில் சீமைக்கருவேலமும் ஆக்கிரமிப்பும் இருந்தால் வேகம் செத்துப்போகும். வேகம் குறைந்த தண்ணீரை வழியிலேயே மண் குடிக்கும். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் மோட்டார் போட்டு இழுப்பவர்கள் வேறு. வாய்க்கால் முடியும் இடத்துக் கடைமடைக்காரர் மதகைப் பார்த்துக்கொண்டே முறையைத் தவறவிடுவார்.

அணையைப் பார்க்க ஐப்பசி முதல் மார்கழி வரை நல்ல காலம். ஆனால் அணை நிரம்பும் தறுவாயில் ஆற்றுக்குள் வண்டியை இறக்காதீர்கள். உபரியை அப்படியே ஆற்றில் விடுவார்கள். மேலே ஏற்காட்டில் மழை என்றால் இரவிலும் திறப்பார்கள்.