13.5 அடி படகுல அட்லாண்டிக்

சின்னப் பாய்மரப் படகுல கடல் தாண்டினவங்க புக்குன்னா எனக்கு சோறு தண்ணி வேணாம். எல்லாரும் முதல்ல ஜோஷுவா ஸ்லோகம் புக்கைத்தான் சொல்வாங்க, 1895ல பாஸ்டன்ல கிளம்பி 1898ல தனியாளா உலகத்தையே சுத்தி முடிச்ச மனுஷன், சில இடத்துல ராத்திரி எவனும் படகுல ஏறிடக்கூடாதுன்னு டெக் முழுக்க ஆணிய கொட்டி வச்சுட்டுத் தூங்குவாரு, இதுல நீச்சல் வேற தெரியாதாம்! ஆனா அவர் படகு 36 அடிக்கு மேல, அதெல்லாம் எனக்கு மாளிகை.

என் ஓட்டு ராபர்ட் மான்ரி எழுதின புக்குக்குத்தான். கிளீவ்லாந்துல பேப்பர் ஆபீஸ் காப்பி எடிட்டர், 1965 ஜூன்ல 'டிங்கர்பெல்'னு 13.5 அடி படகுல மாசசூசெட்ஸ் ஃபால்மத்ல கிளம்பி 78 நாள்ல இங்கிலாந்து ஃபால்மத்துல போய் நிக்கிறாரு. தூக்கம் கெட்டு, படகுல கூட யாரோ இருக்கிற மாதிரியெல்லாம் தோண ஆரம்பிச்சிருக்கு, அலை தூக்கி கடல்ல வீசினது ஒரு தடவை இல்ல, உடம்புல கட்டியிருந்த கயிறுதான் காப்பாத்துச்சு, அதையும் பந்தாவே இல்லாம எழுதறாரு. ஏற்பாடு பண்ற பகுதி மட்டும் கொஞ்சம் இழுவை, தள்ளிட்டுப் போங்க. கடைசில இங்கிலாந்து போய்ச் சேர்ந்து கரைல பார்த்தா ஆயிரக்கணக்குல ஜனம், மனுஷன் மிரண்டுட்டாரு.