மழை விடட்டும், அப்புறம் மல்லியை வெட்டலாம்

கார்த்திகை பிறந்தாலே தெரிந்தவர்கள் எல்லாரும் குண்டுமல்லியை எப்போது கவாத்து பண்ணலாம், அதாவது கிளைகளை வெட்டிவிடலாம் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வேளாண் கையேடுகளைப் பார்த்தால் நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் என்று இருக்கும். உயரம் சரி. தேதியைத்தான் கடலூர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

நமக்கு அது வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றுகிற நேரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது 2024 நவம்பர் 30. தானே புயல் வந்த தேதி அதைவிடத் தள்ளி, 2011 டிசம்பர் 30. வெட்டின குச்சி முனை நாள் கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் அதில் பூஞ்சை இறங்கி, நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வரும், துளிர் வரவேண்டிய கணுவும் அதோடு போய்விடும். அதனால் மழை ஓய்ந்து, மண் ஓரளவு காய்ந்து, தொடர்ந்து வெயில் அடிக்கட்டும். மார்கழி பாதி தாண்டினாலும் பரவாயில்லை, பூ கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். வெட்டுவதற்கு முன்னால் சில நாள் தண்ணீர் விடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

வெட்டும்போது கை நடுங்கக் கூடாது. எங்கள் அம்மா இன்னமும் பக்கத்தில் நின்றுகொண்டு "பச்சையா இருக்கறத ஏன்டா வெட்டுற" என்பார். மல்லி பூப்பது புதுத் துளிரின் நுனியில், அதனால் பழைய குச்சியைப் பாவம் பார்த்து விட்டுவைத்தால் செடி உயரமாகப் படருமே தவிர பூ இருக்காது. யூடியூபில் குளிர்நாட்டுக்காரர்கள் மர பியோனி என்கிற பூச்செடியை வளர்க்கிற வீடியோக்களில் காய்ந்ததை மட்டும் எடுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள் என்பார்கள். அவர்கள் சொல்வது அந்தச் செடிக்குச் சரி, ஏனென்றால் அதற்குப் பூமொட்டு முந்தின வருடத்துக் குச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு மல்லியை நுனி மட்டும் கிள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது.

காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு, மீதியை ஒன்றரை அடிக்குக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். கத்தரி கூர்மையாக இருக்கட்டும், நசுங்கின முனை சீக்கிரம் ஆறாது. தடித்த குச்சிகளின் முனையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவலாம். மிச்சமிருக்கிற இலையையும் உருவிவிட்டு, தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, செடிக்குப் பத்து கிலோ வரை நன்றாக மக்கின தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் தழைக்கும்.

தேவனாம்பட்டினம் பக்கம் மாதிரி மணல் பூமியில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், செடிக்கு அது நல்லதுதான், ஆனால் உரமும் கூடவே இறங்கிவிடும், அங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதே மேல். துளிர் வந்தபின் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இலை தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

மாசி கடைசியில் மொட்டு கட்டும்போது தினமும் ஒருமுறை செடியைப் பாருங்கள். மொட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது, மொட்டு ஊதா நிறமாகி வதங்கினால் அது மொட்டு ஈ வேலை. இரண்டுக்குமே கெட்ட மொட்டைச் செடியிலோ தரையிலோ விடாமல் பொறுக்கி அழிப்பதுதான் முதல் வைத்தியம், வேப்பெண்ணெய்க் கரைசல் அதற்கு அப்புறம்தான். கோடையில் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் நூல் கட்டினால் ஓஸ் பைப்பில் அடிப்பக்கமாகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.