தோட்டத்துக் கற்கள்: எது பழசு, எது இயற்கை, எது நம் பாட்டியுடையது

மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் வித்தியாசமான கல் ஒன்று கிடைத்தால் போதும், பொழுது சாய்வதற்குள் அது சோழர் கல் ஆகிவிடும். ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மேல், அதாவது இந்தக் கெடாவின் மேல், படையெடுத்த கதையை எங்கள் ஊர் டீக்கடையில் போன வாரம் நடந்த மாதிரிதான் பேசுவார்கள். ஒரேயடியாகச் சிரித்துத் தள்ளவும் முடியாது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே புக்கிட் பத்து பகாட் சண்டி (சண்டி என்றால் இங்கே பழங்காலக் கோயில்). இந்தப் பக்கம் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி, பழைய இரும்பு உருக்கிய உலைகளையே வெளியில் எடுத்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் தோட்டத்தில் செம்பனை மறுநடவுக்காகப் பேக்ஹோ மண்ணைப் புரட்ட ஆரம்பித்ததும், கங்காணியிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் ஓரமாக நடக்கத் தொடங்கினேன்.

முதலில் பார்த்தது பாதி உடைந்த கருங்கல். நடுவில் வட்டமாகக் குழி. சண்டிகளில் மரத்தூணை நிறுத்தக் குழி வெட்டிய அடிக்கற்கள் உண்டு, புக்கிட் பத்து பகாட்டில் நேரிலேயே பார்க்கலாம். அதனால் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் தூண்கல் என்றார்கள். நான் இருட்டும்வரை காத்திருந்து டார்ச் லைட்டைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலும் கொத்தும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து துல்லியமாகத் தெரியும், செலவும் இல்லை. குழியின் சுவர் செங்குத்தாக இல்லை, கிண்ணம் மாதிரி சரிந்து இறங்கியது. உள்பக்கம் முழுக்க வழவழப்பு, அதில் வட்டம் வட்டமாகத் தேய்ந்த கோடுகள். அந்த வழவழப்பின் மேலேயே சில இடங்களில் புள்ளி புள்ளியாக உளி கொத்திய தடம். தேய்ந்த பிறகு யாரோ மறுபடி கொத்தியிருக்கிறார்கள் என்றால் அது ஆட்டுக்கல். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்திக் கொடுக்க ஆள் வந்த காலம் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய லயத்தை இடித்த மண்ணைத்தான் அந்த வாய்க்கால் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்களாம்.

கல் கிடைத்தால் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இயற்கையா, புராதனமா? தோட்டத்து மண்ணில் இந்தக் கேள்வி பத்தாது. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். நூறு வருடத்துக்கு மேலாக இங்கேயே அரைத்து, இடித்து, தீட்டி, உடைந்ததைக் கொல்லையில் வீசிய நம் ஆட்கள்தான் அவர். சந்தேகத்தை முதலில் அவர்கள் மேல் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்குச் சரியான சாட்சி இரண்டாவது கல். உள்ளங்கை நீளம், சாம்பல் நிறம், நான்கு பக்கமும் பட்டையாக, ஒரு முனை சரிவாகத் தேய்ந்தது. இடியோடு விழுந்ததாக நம்பி மலாய்க்காரர்கள் ‘பத்து லிந்தார்’ என்று சொல்லும் இடிக்கல் அப்படியே இருக்கும். அந்த இடிக்கற்கள் இடியோடு விழுந்தவை இல்லை. புதிய கற்கால மனிதர்கள் தேய்த்து மெருகேற்றிய கோடரிகளும் வாய்ச்சிகளும்தான் அவை. ஆற்றுக் கல்லா என்ற கேள்வி சீக்கிரமே தீர்ந்தது: ஆறு கல்லை எல்லாப் பக்கமும் உருட்டித் தேய்க்கும், நேர் விளிம்பும் தட்டையான பட்டையும் விட்டுவைக்காது. ஆக, மனிதக் கை பட்டது நிச்சயம். எந்தக் காலத்துக் கை?

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். வாய்ச்சி என்றால் சரிவு தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருக்கும். வெட்டிய வேலைக்கு அடையாளமாகக் கூர்முனையில் சில்லுகள் தெறித்திருக்கும். பின்பக்கத்தில், முதலில் செதுக்கிய தழும்பு மெருகுக்கு அடியில் கொஞ்சமாவது மிஞ்சியிருப்பதும் சகஜம். மணிக்கணக்கில் தேய்த்துச் செய்வதால் இறுக்கமான, நுண்ணிய மணி உள்ள கல்லாகப் பார்த்து எடுத்திருப்பார்கள். என் கல்லில் இதில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. சரிவு உள்வாங்கிக் குழிந்திருந்தது. ஓர் ஓரம் மட்டும் உருண்டையாக மழுங்கியிருந்தது. லென்ஸில் மணல் மணியாகத் தெரிந்தது.

அடர்த்தியும் பார்த்தேன். சமையல் தராசில் கல் 214 கிராம். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. 84 காட்டியது. வகுத்தால் 2.55, சாதாரண மணற்கல் கணக்கு. (நகைக்கடையில் தங்கத்துக்குச் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். வீட்டில் செய்தால் மட்டும் மனைவி ஏன் அப்படிப் பார்க்கிறாளோ.)

பக்கத்து வீட்டுப் பாட்டி இளவயது முழுக்கப் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். கல்லைக் கையில் கொடுத்ததும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, பெருவிரல் தானாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. “இது கத்தி தீட்டுற கல்லுப்பா. அகலப் பக்கம் வெளிவாய்க்கு, இந்த உருண்ட ஓரம் உள்வாய்க்கு” என்றார். பால் வெட்டும் கத்தியின் வாய் வளைந்து மடிந்திருக்கும், அந்த மடிப்புக்குள் நுழைய மழுங்கிய ஓரம் வேண்டும். நான் தராசில் பிடித்து முடித்ததை அவர் விரலால் முடித்துவிட்டார்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு நண்பர், விளிம்பு உடைந்த கூழாங்கற்கள் கொஞ்சம் கொண்டுவந்தார். லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் கிடைத்த கற்கருவிகள் கூழாங்கல்லை உடைத்துச் செய்தவை, அந்தப் பள்ளத்தாக்கு 2012 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அதனால் அவருக்கு ஆசை. ஆள் தட்டி உடைத்த சில்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்ன மேடு புடைத்திருக்கும், அதிலிருந்து அலை அலையாக வளையம் விரியும். மேடு ஒன்று இருந்தால் மட்டும் போதாது, ஒரே விளிம்பில் வரிசையாகத் தட்டிய ஒழுங்கும் வேண்டும். அவர் கற்களில் உடைப்பு நாலா பக்கமும் தாறுமாறாக இருந்தது. உடைந்த முகமெல்லாம் புது நிறம், மற்ற இடமெல்லாம் மண்ணின் பழுப்பு ஏறியது. பேக்ஹோ வாளி வேலை. அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

கடைசியில் மனத்தைக் கிளறியது, யாரும் குனிந்து எடுக்காத ஒரு கருப்புக் கட்டி. விண்கல்லாக இருக்குமோ என்று ஒரு பையன் கேட்டான். உடைந்த பக்கத்தில் குமிழ்த் துளைகள், மேலே கூழ் வழிந்து உறைந்த மாதிரி மடிப்பு. விண்கல்லில் இப்படிக் குமிழ் இருப்பது மிக அபூர்வம். நூலில் கட்டிய காந்தம் லேசாகத்தான் சாய்ந்தது. 386 கிராம், தண்ணீரில் 104, ஆக 3.7. செம்பூரான் கல் கட்டியும் இரும்புச் சத்தால் கனக்கும், ஆனால் அது உருகி வழிந்திருக்காது. அடுப்புக் கரிக் கசடு என்றால் இவ்வளவு கனம் வராது. இரும்பு உருக்கிய கசடு என்றே பட்டது. ஆனாலும் ஒற்றைக் கட்டியை வைத்து எந்தக் காலத்து உலை என்று சொல்ல முடியாது. பழைய தோட்டப் பட்டறையாகவும் இருக்கலாமே என்று அதை எடுத்த இடத்துக்கே மறுபடி போனேன். அங்கே வாய்க்கால் சுவரில் அதே கசடு ஒரு பட்டையாக ஓடியது. நடுவில் சுட்ட மண் குழாய்த் துண்டு ஒன்று, ஒரு முனை மட்டும் கண்ணாடி மாதிரி உருகி மினுங்கியது. உலைக்குக் காற்று ஊதச் செருகும் ஊதுகுழாயின் முனை வெப்பத்தில் இப்படித்தான் உருகும். சுங்கை பத்துவில் இவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

குழாயைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தேன், கைப்பேசியில் இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்தேன், தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதினேன். கம்பி பிரஷ், ஆசிட் எதையும் எந்தக் கல்லின் பக்கமும் கொண்டுபோவதில்லை. மண் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும், அதில் கரித்துண்டு இருந்தால் காலம் கணிக்கவே உதவும்.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தாக வேண்டும். மேனேஜரிடம் முதலில் சொன்னேன், முகம் சுளித்தார், ஆனாலும் அந்தப் பகுதியில் வாய்க்கால் வெட்டுவதைத் தள்ளிவைத்தார். படங்களையும் குறிப்பையும் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. கசடுக் கட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுக்க. ஆட்டுக்கல் பாதியை அம்மா துளசி மாடத்துக்கு அண்டை கொடுத்துவிட்டார்.