பாரிமுனையிலிருந்து மூலக்கொத்தளம் வரை: சுப்பராயனைத் தேடி ஒரு நடை

நான் பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். வேலைக்காக வந்து நிலைத்தது தண்டையார்பேட்டை. எங்கள் ஊரில் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயனைப் பற்றிப் பேச்சு வந்தால் என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். 1957 தேர்தலில் திருச்செங்கோட்டு மக்களவைத் தொகுதியில் அவருக்கு ஓட்டுப் போட்டவர் அவர். வடசென்னைக்கு வந்த பிறகு அதே சுப்பராயனின் வாழ்க்கை இந்தத் தெருக்களோடு எத்தனை இடங்களில் உரசிக்கொண்டு போயிருக்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. அந்த இடங்களை ஒரே நாளில் நடந்து பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன்.

தொடங்கியது பாரிமுனையில். 1928 பிப்ரவரி 3 அன்று, இந்திய ஆட்சிமுறையை ஆராய இந்தியர் ஒருவரும் இல்லாமல் பிரிட்டன் அனுப்பிய சைமன் குழு பம்பாயில் வந்திறங்கியதைக் கண்டித்து நாடெங்கும் கடையடைப்பு நடந்தபோது, சென்னையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் கூட்டத்தின் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. காங்கிரஸ் தலைவர் தங்குதூரி பிரகாசம் துப்பாக்கி முன்னால் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டியதும் இங்கேதான். அன்று மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் சுப்பராயன். ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பிய ஜமீன்தாரான அவர், 1926 தேர்தலில் முதலிடம் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவியேற்க மறுத்ததால், எந்தக் கட்சியையும் சாராதவராக அமைச்சரவை அமைத்தவர். ஆளுநர் கோஷன் சட்டமன்றத்துக்கு நியமித்த 34 உறுப்பினர்களின் ஆதரவே அவருக்குப் பெரிய பலமாக இருந்தது. சைமன் குழு விவகாரத்தில் அவருடைய இரண்டு அமைச்சர்களும் விலகிப்போக, சேதுரத்தினம் ஐயரையும் முத்தையா முதலியாரையும் சேர்த்துக்கொண்டு அவர் ஆட்சியைத் தொடர்ந்தார்.

அந்த முடிவை எங்கள் ஊர்ப் பெருமைக்காகக்கூட என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆயினும் அப்படித் தொடர்ந்த ஆட்சியில்தான் முத்தையா முதலியாரின் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்து, அரசு வேலையில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் உறுதியாயிற்று. பத்தாண்டு கழித்து, 1937இல், மார்பைக் காட்டிய பிரகாசமும் அன்றைய முதலமைச்சர் சுப்பராயனும் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவையில் அருகருகே உட்கார்ந்தார்கள். பிரகாசத்துக்கு வருவாய்த் துறை, சுப்பராயனுக்குச் சட்டமும் கல்வியும்.

அந்தக் கல்வித் துறைதான் என்னைத் தங்கசாலைத் தெருவுக்குள் கொண்டுபோயிற்று. மிண்ட் தெரு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். பாத்திரக் கடைகளும் சேட்டு இனிப்புக் கடைகளும் கச்சோரி பொரியும் வாசனையுமாக, ஞாயிற்றுக்கிழமையிலும் தெரு நெரிந்துகொண்டிருந்தது. மீன்பாடி வண்டி ஒன்று எவர்சில்வர் குடங்களை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு என் தோளை இடித்துப் போயிற்று. இந்தத் தெருவில்தான் இந்து தியாலஜிக்கல் பள்ளி இருக்கிறது. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடம் என்று அரசாணை வந்தபோது மறியலுக்குத் தொண்டர்கள் தேர்ந்துகொண்ட இடங்களில் முதன்மையானது இந்தப் பள்ளி வாசல். நாள்தோறும் கொடி பிடித்து வந்து, முழக்கமிட்டு, கைதாகிப் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மருத்துவர் தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பிற பெண்களும் மறியலுக்கு வந்தார்கள். தாயோடு கைக்குழந்தைகளும் சிறைக்குப் போயின. போராட்டம் முழுவதிலும் கைதானவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

ஆணையின் பின்னால் நின்ற உறுதி ராஜாஜியுடையது என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் துறை சுப்பராயனுடையது. பூட்டிய பள்ளிக் கதவின் முன் நின்றபோது அந்தப் பொறுப்பிலிருந்து அவரைக் கழற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

மிண்ட் பேருந்து நிலையம் வழியாக மூலக்கொத்தளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. இடுகாட்டு வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தாளமுத்து நடராசன் சமாதி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"நேரா போ சார். ஜனவரி மாசம் வந்தீனா ஒரே கூட்டமா இருக்கும். இப்ப யாரும் இருக்கமாட்டாங்க."

அவர் சொன்னபடியே யாரும் இல்லை. நடராசன் 1938 டிசம்பரில் மறியல் செய்து கைதானவர். சிறையில் உடல் நலிந்து 1939 ஜனவரி 15 அன்று மருத்துவமனையில் இறந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள், அவர் மறுத்துவிட்டார் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச்சில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் சிறைவாசத்திலேயே போய்ச் சேர்ந்தார். இருவரையும் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் தருமாம்பாளுக்கும் இங்கேயே இடமாயிற்று. எழும்பூரில் பத்து மாடி அரசுக் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர் இருக்கிறது; அங்கே கட்டட அனுமதிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்த இடத்துக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைவிடத்தின் மேல் முன்பு யாரோ சார்த்திய மாலை ஒன்று கிடந்தது. ரோஜா இதழெல்லாம் உதிர்ந்து, வாழை நாரும் சரிகைத் தாளும் மட்டும் மிஞ்சியிருந்தன. நான் வாங்கிப்போன சாமந்திச் சரத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஊர்க்காரர் கல்வி அமைச்சராக இருந்த நாளில் நேர்ந்த சாவுகள் இவை என்ற எண்ணம் அங்கே நின்ற அரை மணி நேரமும் என்னை விடவில்லை.

1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, 1939 அக்டோபரில், அமைச்சரவை பதவி விலகிவிட்டது. அதன் பிறகு சுப்பராயன் வகித்த பதவிகளை இங்கே விரிக்கப்போவதில்லை; சிறை சென்றார், பிறகு மாகாணத்தின் உள்துறை அமைச்சரானார், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார் என்பது போதும். நான் சொல்ல வந்தது 1949இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அவரை இந்தோனேசியாவுக்குத் தூதராக அனுப்பினார்கள்.

மாலையில் காசிமேட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. எதிரே விசைப்படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடலின் அக்கரையில், சாவகம் என்று பழந்தமிழ் சொன்ன நாட்டில், நம் ஜமீன்தார் போய் இறங்கியது வெறும் விருந்து உபசாரப் பதவிக்கு அல்ல. டச்சுக்காரர்கள் 1949 டிசம்பர் 27 அன்றுதான் ஆட்சியை ஒப்படைத்தார்கள். அடுத்த மாதமே சுகர்ணோ நமது முதல் குடியரசு தினத்துக்கு விருந்தினராக டெல்லிக்கு வந்தார். 1950 ஜூனில் நேரு அங்கே போனார். 1951 மார்ச் 3 அன்று ஜகார்த்தாவில் இரு நாட்டு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றத்தில் யாருடைய கட்சியும் முழுதாகத் தன் பக்கம் இல்லாமல் நான்காண்டு ஆட்சி நடத்திய மனிதருக்கு, பலரையும் அனுசரித்துப் பேச வேண்டிய தூதர் வேலை கைவந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதைவிடவும் என் மனம் நிற்கும் இடம் வேறு. இந்தோனேசியாவில் மிக அதிகம் பேருக்குத் தாய்மொழி ஜாவா மொழி. ஆனால் 1928 அக்டோபரில் கூடிய அந்நாட்டு இளைஞர்கள் தங்கள் பொதுமொழியாக அதை எடுக்கவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் எல்லாத் தீவினரும் புழங்கிய மலாய் மொழியையே இந்தோனேசிய மொழி என்று ஏற்றார்கள். 1945இல் அரசியலமைப்பும் அதையே உறுதி செய்தது. பெருந்தொகையினரின் மொழி மற்றவர் தலையில் ஏறாமலே ஒரு தேசம் ஒன்றாக இருக்க முடியும் என்பதை சுப்பராயன் நாள்தோறும் காதால் கேட்டிருப்பார்.

திரும்பி வந்தவரை, 1955இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைத்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக்கினார்கள். ஆங்கிலத்தை அகற்றி இந்தியை அமர்த்தும் வழிகளை அந்த ஆணையம் 1956இல் பரிந்துரைத்தபோது, வங்காளத்தின் சுனிதி குமார் சட்டர்ஜியும் சென்னையின் சுப்பராயனும் தனித்தனியே மாற்றுக் கருத்து எழுதிப் பதிவு செய்தார்கள். இந்தி பேசாத மக்களை இந்த அவசரம் என்ன பாடுபடுத்தும் என்று சொன்னவர், 1938இல் கல்வித் துறையைக் கையில் வைத்திருந்த அதே மனிதர். ஜகார்த்தா வாழ்க்கை அவரை மாற்றியது என்பது என் ஊகம். மிண்ட் தெருவில் எழுந்த முழக்கமும் மூலக்கொத்தளத்து இரண்டு குழிகளும் அவர் மனதில் கிடந்திருக்க வேண்டும் என்பதும் என் ஊகமே. ஆனால் அந்த மாற்றுக் கருத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன். கட்சியும் மத்திய அரசும் ஒரு பக்கம் நிற்க, அறுபத்தைந்து வயதைத் தாண்டிய காங்கிரஸ்காரர் எழுதியது அது.

அப்பிச்சி ஓட்டுப் போட்டது அதற்கு அடுத்த ஆண்டு. பிறகு 1959 முதல் 1962 வரை சுப்பராயன் மத்தியப் போக்குவரத்து அமைச்சர். என் கண்ணெதிரே தெரிந்த துறைமுகமும் அந்தத் துறையில் அடங்கியதே. 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநரானார். அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

இருட்டத் தொடங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்து, குமாரமங்கலத்து ஜமீன்தாரைப் பற்றி எழுதப்போகிறேன், அதற்காகக் காலையிலிருந்து சுற்றுகிறேன் என்றேன்.

"எங்கெல்லாம் போனே சாமி?"

பாரிமுனை, மிண்ட், மூலக்கொத்தளம் இடுகாடு என்று வரிசையாகச் சொன்னேன்.

"இடுகாட்டுக்கா? அப்பிடியே வூட்டுக்குள்ள போயிறாத. தலைக்குத் தண்ணி ஊத்திட்டுப் போ சாமி" என்றார்.