பையன் ஆன்சைடு, இனிஷியல் ஆஃப்சைடு

ட்ரயல் மூன்று நாள். மெடிக்கல் ஒரு நாள். ஒப்பந்தத்தில் கையெழுத்து பத்து நிமிடம். வீரர் பதிவு முடிய மட்டும் பதினேழு நாள். டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கும் காலம்) மூட இரண்டு நாள் இருக்கும்போதுதான் மூச்சு வந்தது. பத்தொன்பது வயது கால்பந்து ஃபார்வர்டு, சென்னை லீகில் அமெச்சூராக ஆடியவன், வெளிமாநில கிளப்பில் முதல் புரொபஷனல் ஒப்பந்தம். கோல் போடுவதில் அவனுக்குக் குறையே இல்லை. மாட்டியதெல்லாம் காகிதத்தில். இதே வழியில் போகிறவர்களுக்காக, மாட்டிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் வில்லன் இனிஷியல். பையன் பெயர் கார்த்திக், அப்பா பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மைப் பெயர் வேண்டாம்). பிறப்புச் சான்றிதழில் வெறும் கார்த்திக். ஆதாரில் கார்த்திக் எஸ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எஸ். கார்த்திக். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் கார்த்திக் செல்வம். நம் கண்ணுக்கு நாலும் ஒரே பையன், கணினிக்கு நாலு பேர். இதில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. ஒரு இடத்தில் ‘ஹெச்’ இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது.

திருத்த உட்காரும் முன் எந்தக் காகிதத்தைத் தாயாக வைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நாளைக்கு வெளிநாட்டு ட்ரயல், தேசிய முகாம் என்று எது வந்தாலும் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்றதை மாற்றுவது நல்லது. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் ஒன்றை வீணாக்கினால் அப்புறம் மண்டல அலுவலகம் வரை அலைய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாதவர்கள் இன்னும் முந்திக்கொள்ளுங்கள். பதிவான 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதன்பிறகு 200 ரூபாய், 15 வருடம் தாண்டிவிட்டால் அரசு அவகாசம் நீட்டித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நகர முடியும்.

ஒரு வீண் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன். புதிய கிளப்பின் மேனேஜர் போனில், “சி.ஆர்.எஸ். பிரிண்ட் அனுப்புங்க சார்” என்றார். தமிழ்நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு முறைக்கும் சி.ஆர்.எஸ். என்றுதான் பெயர். வீட்டில் அதையே நினைத்துக்கொண்டு, பையன் பிறந்த ஊருக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போய், புது நகல் வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அவர் கேட்டது அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் இருக்கும் வீரர் விவரப் பக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்திருக்கலாம்.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும்தான் பெரிய குண்டு. பையனுக்கு இரண்டு பதிவு எண். பதினைந்து வயதில் ஒரு அகாடமி இளையோர் லீகுக்காக அவனைப் பதிந்திருக்கிறது. அங்கே டைப் செய்தவர் தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றிவிட்டார்: ஜூன் 5 என்பது மே 6 ஆகிவிட்டது. பெயரும் தேதியும் ஒத்துப்போகாததால், பிறகு சென்னை கிளப் பதிந்தபோது கணினி இவனைப் புது ஆள் என்றே எடுத்துக்கொண்டது. இரண்டில் ஒன்றை மூடி மற்றதோடு சேர்க்காமல் டிரான்ஸ்ஃபர் ஒரு அடி நகரவில்லை.

இதைப் பையனோ பெற்றோரோ நேரடியாகச் சரிசெய்ய முடியாது, கிளப்பின் லாகின் வழியாகத்தான் கோரிக்கை போக வேண்டும். கூடவே இணைத்தவை: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், இரண்டு பதிவிலும் உள்ள புகைப்படம், “இருவரும் ஒருவரே” என்ற நோட்டரி உறுதிமொழி. உறுதிமொழிக்கு 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2024 மே முதல் அது 200. நாங்கள் 20 ரூபாய் பேப்பரில் எழுதி, மறுநாள் திரும்ப எழுதினோம். பழைய எண்ணைச் சும்மா அழித்துவிடச் சொல்லாதீர்கள். அதில்தான் பையன் பதினைந்து வயதில் எங்கே ஆடினான் என்ற வரலாறு இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்று அடுத்த சண்டையில் தெரிந்தது.

அடுத்த சண்டை என்.ஓ.சி. பழைய கிளப்பின் செயலாளர் தடையில்லாச் சான்று தர 50,000 ரூபாய் கேட்டார், அதுவும் பையனின் அப்பாவிடம். “நாலு வருஷம் வளர்த்துவிட்டிருக்கோம்ல?” என்பது அவர் வாதம். வளர்த்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி ஈட்டுத்தொகை என்பது புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தரவேண்டியது. வீரன் வீட்டிலிருந்து வாங்குவதற்கு அதில் இடமே இல்லை. பணம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றும். கொடுக்காதீர்கள். ரசீதும் வராது.

சண்டை போட்டு ஆகவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினோம். ஃபிஃபா விதிப்படி வீரன் பின்னாளில் வெளிநாட்டுக் கிளப்புக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். இவர்களிடம் பையன் 16, 17, 18 வயதில் மூன்று வருடம் ஆடியிருக்கிறான். ஒரு கோடிக்கு விற்றால் ஒன்றரை லட்சம். பதிவு சுத்தமாக இருந்தால்தான் அது வரும், என்.ஓ.சி.யை இழுத்தடித்து பையன் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் எதுவும் வராது. செயலாளர் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மதியம் என்.ஓ.சி. வந்தது, பைசா செலவில்லாமல். மாநிலச் சங்க ஒப்புதல், கட்டணம் எல்லாம் அதன்பிறகு சத்தமில்லாமல் முடிந்தன.

ஒப்பந்தத்தில் நாங்கள் கைவைத்த இடங்கள் மூன்று. “மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே செல்லும்” என்று ஒரு வரி இருந்தது. ஃபிஃபா விதி அப்படி நிபந்தனை போட அனுமதிப்பதில்லை, மெடிக்கலைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டியது கிளப்பின் வேலை. சுட்டிக்காட்டியதும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, கோல் போனஸ். “அதிகாரப்பூர்வ ஆட்டம்” என்றால் எவை என்று போட்டிப் பெயரோடு எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ரிசர்வ் (இரண்டாம்) அணிக்காக, மாநில லீகில் போட்ட கோலெல்லாம் கணக்கில் வராது. இளம் ஃபார்வர்டு அதிகம் ஆடப்போவதே அங்கேதான். மூன்றாவது, செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆடும் கால்பந்து. கேரளாவில் மலப்புறம் பக்கம் ஒரு ராத்திரி ஆட்டத்துக்குக் கையில் காசு வரும், ஆசை வரத்தான் செய்யும். ஒப்பந்தம் வேறு கால்பந்து ஆடக்கூடாது என்கிறது. அங்கே முட்டி போனால் கிளப் சிகிச்சைச் செலவை ஏற்காது.

எங்களுக்குத் தாமதமாக உறைத்த ஒன்று இருக்கிறது, இன்னும் வலிக்கிறது. ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் இரண்டு கிளப்புக்குத்தான் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆட முடியும். சீசன் தொடங்கியபின் பழைய கிளப்புக்காகப் பையன் சப்ஸ்டிட்யூட்டாக இறங்கி எட்டே நிமிடம் ஆடியிருந்தான். அது ஒன்று. புதிய கிளப்பில் ஒரு முறை இறங்கினால் இரண்டு. ஜனவரியில் லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) அனுப்பலாம் என்று கிளப் நினைத்தாலும், மூன்றாவது இடத்தில் அவன் ஆட முடியாது. நம் ஊர் ஃபார்வர்டுக்கு லோன்தான் உயிர். ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) 2021-22 சீசன் முதல் களத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள்தான் என்று குறைத்தார்கள். குறைத்தும் என்ன, அந்த நாலில் ஒருவர் பெரும்பாலும் நடுவில் நிற்கும் ஸ்ட்ரைக்கர், அந்த இடம் நம் பையனுக்குக் கிடைப்பது கஷ்டம். அந்த எட்டு நிமிடத்துக்கு அவனை இறக்காமலே விட்டிருக்கலாம். பேச்சுவார்த்தை தொடங்கிய நாளிலிருந்தே “பையனை இறக்காதீங்க சார்” என்று பழைய கோச்சிடம் சொல்லி வையுங்கள்.

சம்பளம் வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், கிளப்புக்கு எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்படியும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு வெளியேறலாம். வாட்ஸப்பில் கெஞ்சியதை மட்டும் நம்பாதீர்கள், மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள்.

எங்களுக்கு முதல் சம்பளம் சொன்ன தேதியில் வந்துவிட்டது. 10 சதவீதம் வரி பிடித்திருப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தோம். பிடித்தது 20. கேட்டால், பான் எண் ஆதாரோடு இணையவில்லையாம். பான் கார்டை எடுத்துப் பார்த்தால் செல்வம் கார்த்திக் என்று, அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. திங்கட்கிழமை அதற்குப் போகவேண்டும்.