அம்மா நேர்ந்த மண்டையப்பம்

"தலவலி மாறினா இருமுடி கட்டி வந்து மண்டையப்பம் வைக்கேன் அம்மே" என்று கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டு பகவதி அம்மனுக்கு அம்மா நேர்ந்திருந்தாள். தலைவலி தீர அங்கே வைக்கும் அப்பம் அது. வலி மாறியது. கடைசி எட்டு மாதம் ராத்திரி முழுக்க உறங்கினாள். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு வரத்தான் ஆயுசு இல்லை. ஆண்டுத் துவசம் கழிந்து, இந்த மாசியில் அவளுக்காக நான் இருமுடி கட்டினேன்.

கொடையின் பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. மண்டைக்காட்டுக்குள் நுழைவதற்குள் உயிர் போய்விட்டது. ஆட்டோக்காரர் இரட்டிப்புக் கேட்டார். "வரிசை வேண்டாம், நேரே கொண்டு விடுறேன்" என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். அம்மாவின் நேர்ச்சைக்குக் குறுக்கு வழியா? மனசு கொதித்தது. "அம்மே சரணம், தேவி சரணம்" என்று கேரளத்துப் பெண்கள் இருமுடியோடு போக, அவர்கள் பின்னாலேயே கடலுக்குப் போய்க் கால் நனைத்தேன். கொதிப்பு அடங்கியது.

பொங்கலிடக் கிடைத்த இடம் மூன்று கல் வைக்கும் அளவுதான். கண்ணுக்கெட்டிய தூரம் அடுப்பும் புகையும். எனக்குத் தீ பிடிக்கவில்லை. தென்னம்பாளைக் கொதும்பு ஈரம். பையில் அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. பதினோரு வருஷச் சீட்டுகள். "எல்லாம் மனசுதான்" என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய சீட்டும் அதில் உண்டு. அம்மாவை அழ வைத்த அந்தத் தாளை என்றாவது யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டும் என்றே பீரோவில் வைத்திருந்தேன். சன்னதியில் காட்டத்தான் எடுத்து வந்தேன்.

பக்கத்து அடுப்புப் பாட்டி எட்டிப் பார்த்தாள். "இது யாருக்குள்ளது மக்களே?"

"அம்மைக்கு. இப்போ இல்லை, பாட்டி."

"பின்ன ஏன் சொமக்கே? அடுப்புல வை. அவ பாத்துக்கிடுவா."

அவள் என்று பாட்டி சொன்னது என் அம்மையையா, அந்த அம்மையையா, தெரியவில்லை. ஒவ்வொரு தாளாக வைத்தேன். முதல் தாளுக்குக் கை நடுங்கியது. அந்தச் சீட்டு வந்தபோது ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டேன். பிறகு அதையும் வைத்தேன். அதில்தான் கொதும்பு பற்றியது! பானை பொங்கி வழிய, பாட்டிதான் எனக்காகக் குரவையிட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

சன்னதியில் 15 அடிப் புற்றில் சந்தனத்தோடு அவள் முகம். நாலைந்து நொடிதான் நிற்க விட்டார்கள். கேட்க ஒன்றும் வரவில்லை. "உறங்க வச்சியே, உறங்க வச்சியே" என்று மட்டும் சொன்னேன்.

நடுராத்திரி, கொடையை முடிக்கும் ஒடுக்கு பூஜை. பூசாரிகள் தங்கள் வாயைத் துணியால் கட்டி, பதார்த்தப் பானைகளைத் தலையில் ஏந்திப் பவனியாக வந்தார்கள். அதுவரை இரைந்த கூட்டம் அப்படியே அடங்கியது. கைக்குழந்தைகூட அழவில்லை. கடலிரைச்சல் மட்டும்.

வலி வரும் ராத்திரிகளில் எங்கள் வீடும் இப்படித்தான் அடங்கிக் கிடக்கும். டம்ளர் விழுந்தால்கூட அம்மா துடிப்பாள் என்று மூச்சை அடக்கி இருப்போம். அன்றைக்கு எனக்கு மூச்சு முட்டவில்லை. அம்மே, தாயே, மண்டைக்காட்டம்மே.

விடியும்முன் பஸ் பிடித்தேன். மண்டையப்பம் மடியில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.