ஆயர் வருகைக்கு முன்: பீடச் சிறுவர்களைப் பழக்குபவர்களுக்கு

சேலம் பக்கத்துப் பங்குக் கோவில்களில் ஆயர் (பிஷப்) வரும்போது அதிகம் தடுமாறுவது அவருடைய தொப்பியும் கோலும் பிடிக்கிற இரண்டு பையன்கள்தான். தோளில் போட்ட வெள்ளைத் துணியால் பிடிக்கணும், வெறுங்கை படக்கூடாது. தொப்பியின் பின்பக்கம் இரண்டு நாடா தொங்கும். கொடுக்கும்போது அது ஆயர் பக்கம் இருக்கணும். மாறினால் நாடா முகத்தில் விழும். கோலின் வளைவு ஆயர் கையில் மக்களைப் பார்க்கும், பையன் கையில் அவனையே பார்க்கும். நற்செய்தி நேரத்தில் தொப்பி இல்லை, கோல் உண்டு. குழப்பம் இங்கேதான் வரும், நாலு தடவையாவது ஒத்திகை பாருங்கள்.

ஸ்டோல் (தோளில் போடும் நீளப் பட்டைத் துணி): குருவுக்கு நேராகத் தொங்கும், திருத்தொண்டருக்கு (டீக்கன்) இடது தோளிலிருந்து குறுக்கே.

கோல் ஒருவர் கையில்தான். ஆனால் திருமுழுக்கில் உச்சந்தலையில் பூசும் கிறிஸ்மா என்கிற புனித தைலம் எல்லாருக்கும் உண்டு, ஊழியத்துக்கான அழைப்பும் அப்படித்தான். பெரிய வியாழனன்று குருவே பூசை மேலாடையைக் கழற்றிவிட்டு, பாதம் கழுவ மக்களின் காலடியில் குனிகிறார். 2016 முதல் பெண்களின் பாதமும் கழுவலாம். இன்னும் பன்னிரண்டு ஆண்களை மட்டுமே தேடுவது வெறும் பழக்கதோஷம். ஏற்காட்டில் சாயங்காலத் தண்ணீர் சில்லிடும், வெதுவெதுப்பாக வையுங்கள். துண்டு ஆளுக்கொன்று, ஒரே துண்டென்றால் நாலாவது காலிலேயே சொட்டச் சொட்ட நனைந்துவிடும்.